கடலோர வீடுகளின் சுவர் வண்ணம்: பருவந்தோறும் ஆய்வும் பராமரிப்பும்

பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் கிழக்குக் கரை ஊர்களில், வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவது உள்நாட்டு ஊர்களைவிட அடிக்கடி நேரும் செலவாக இருக்கிறது. மதுரையிலோ திருச்சியிலோ பல ஆண்டுகள் நிறம் மாறாமல் நிற்கும் அதே பூச்சு, நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் சில பருவங்களுக்குள் மங்கி, பொரிந்து, செதில் செதிலாக உதிர்கிறது. பெயிண்டின் தரம், வேலையாளின் திறமை, பட்டியின் விலை என இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் சுவரில் ஈரமும் உப்பும் எந்த மாதத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்று பாராமல், பண்டிகை நாளை மட்டும் கணக்கில் கொண்டு பூசுவதால் நேரும் இழப்பே இவற்றுள் பெரியது. கடற்கரைச் சூழல் பூச்சைக் கெடுக்கும் வழிகள், பூச்சு வகைகளின் இயல்பு, ஆண்டில் இருமுறை செய்ய வேண்டிய ஆய்வு, பழுதுபார்க்கும் முறை, இவற்றைக் குறித்த மாறுபட்ட கருத்துகள் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

உப்பு சுவருக்குள் சேரும் வழிகள்

கடற்கரைச் சுவரில் உப்பு இரண்டு வழிகளில் சேர்கிறது. அலை உடையும்போது எழும் நுண்திவலைகளைக் கடற்காற்று சுமந்துவந்து சுவரின் மேற்பரப்பில் படியவிடுவது முதல் வழியாகும். கரையோரத்தில் மிகுந்திருக்கும் இந்தப் படிவு, கடலை விட்டு விலக விலக விரைவாகக் குறைந்துவிடும். இரண்டாவது வழி சுவரின் உள்ளிருந்து தொடங்குகிறது. உப்பேறிய மண்ணில் அறுத்த செங்கல், கழுவாத கடல் மணல், உவர்நீரில் குழைத்த கலவை, பூச்சு இறுகுவதற்காக அதன்மேல் நாள்தோறும் விட்ட அதே உவர்நீர் ஆகிய எல்லாம் வீடு கட்டும்போதே சுவருக்குள் உப்பை வைத்துவிடுகின்றன. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நெறி (2000) வரையறுத்திருக்கிறது. சுவை பார்த்தே உப்பெனத் தெரியும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இவற்றோடு, செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகள் வழியே நிலத்தடி நீர் மேலே ஏறும்போது அதில் கரைந்த உப்பும் கூடவே ஏறுகிறது. ஓதம் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த ஈர ஏற்றம், பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை சுவரை நனைத்து வைக்கிறது.

உப்பு சுவரில் இருப்பதைவிட, அது இரவும் பகலும் நிலை மாறுவதே பூச்சுக்குத் தீங்கானது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எட்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காடு அளவிலேயே ஈரம் இழுக்கும். கடற்கரை ஊர்களில் இரவில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டுவதும், பகல் வெயிலில் அதற்குக் கீழே இறங்குவதும் வழக்கமாதலால், இரவில் கரைந்த உப்பு பகலில் மீண்டும் படிகமாகிறது. வண்ணப் படலத்துக்கும் காரைக்கும் இடையில் இவ்வாறு வளரும் படிகங்கள் படலத்தை வெளியே தள்ளுகின்றன. அதுவே சுவர் பொரிதல் எனப்படும். மழை பெய்யாத மாதத்தில்கூடச் சில சுவர்கள் காலையில் நசநசவென்று இருப்பதற்கும், குழாயில் கசிவு இல்லாத அறையில் சுவர் உரிவதற்கும் இந்த மாற்றமே விளக்கம் தருகிறது.

வெயில், காற்று, பாசி

உப்புக்கு அடுத்த நிலையில் பூச்சைக் கெடுப்பது வெயிலின் புறஊதாக் கதிராகும். எந்த வண்ணத்திலும் நிறத்தைத் தரும் நிறமி, அதைச் சுவரோடு பிணைத்துவைக்கும் பிணைபொருள், கனத்தைக் கூட்டும் நிரப்பி, இவற்றைக் குழைக்கும் நீர் அல்லது கரைப்பான் என்னும் நான்கு கூறுகள் உள்ளன. புறஊதாக் கதிர் இவற்றுள் பிணைபொருளைச் சிதைப்பதால், பிடிப்பை இழந்த நிறமியும் நிரப்பியும் மேற்பரப்பில் பொடியாக வெளிப்படுகின்றன. உள்ளங்கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும் இந்த நிலை மாவாதல் எனப்படும்.

எந்தச் சுவர் எதற்கு ஆளாகிறது என்பதை அது நோக்கும் திசை முடிவுசெய்கிறது. சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கே இருப்பதால், கிழக்குச் சுவர் பகலில் வீசும் கடற்காற்றின் உப்பையும் காலை வெயிலையும் வடகிழக்குப் பருவமழையின் சாரலையும் ஒருங்கே தாங்குகிறது. மேற்குச் சுவர் மாலை வெயிலில் சூடேறி விரிசல் காண்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றின் புழுதியையும் அதுவே வாங்குகிறது. வடக்குச் சுவருக்குக் குளிர்காலத்தில் வெயில் விழுவதில்லை. மழை நனைத்த பின் உலர நாளாவதால் பாசியும் பூஞ்சணமும் முதலில் அங்கேதான் பற்றுகின்றன. பச்சையாகவும் கருமையாகவும் வழிந்த கோடுகளாகத் தெரிபவற்றுடன், செம்மஞ்சள் நிறத்தில் படரும் டிரென்டெபோலியா என்னும் ஒருவகைப் பாசியையும் இத்தகைய சுவர்களில் காணலாம். அதைத் துருக்கறை என்று தவறாகக் கருதுவோரும் உண்டு.

பூச்சு வகைகளும் ஈரத்தோடு அவற்றின் உறவும்

வீட்டுச் சுவர்ப் பூச்சுகளை, ஈரத்தோடு அவை கொள்ளும் உறவை வைத்து இரண்டு தொகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். சுண்ணாம்பும் சிமெண்ட் பெயிண்டும் முதல் தொகுதியைச் சேர்ந்தவை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சுட்டு, நீற்றிக் கிடைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. இந்த மாற்றம் நடக்கச் சிறிது ஈரம் வேண்டும். சிமெண்ட் பெயிண்டும் அவ்வாறே நனைத்த சுவரில் பூசப்பட்டு, பூசியபின் தண்ணீர் தெளித்து இறுகவைக்கப்படுகிறது. இவ்விரண்டும் நுண்துளைகள் கொண்டவையாதலால், சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதைத் தடுப்பதில்லை.

இரண்டாம் தொகுதியில் எமல்ஷன், எனாமல் முதலியன அடங்கும். எமல்ஷன் என்பது நீரில் மிதக்கும் அக்ரிலிக் போன்ற பிசின் துகள்கள், நீர் வற்றியதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும் பூச்சு. எனாமலோ எண்ணெய் கலந்த பிசினால் ஆனது. படலம் உருவாகவும் பிடிக்கவும் சுவர் உலர்ந்திருப்பது இன்றியமையாதது. எண்ணெய் கலந்த பூச்சுக்கு வேறொரு பகையும் உண்டு: புதிய சிமெண்ட் பூச்சின் காரத்தன்மை எண்ணெயைச் சவர்க்காரம் போன்ற பொருளாக மாற்றிப் படலத்தைப் பிசுபிசுப்பாக்கிவிடும். புதுக் காரை குறைந்தது 28 நாள்களாவது இறுகி உலர்ந்த பின்னரே வண்ணம் காண வேண்டும் என்ற நடைமுறை விதிக்குக் காரத்தைப் பற்றிய இந்த அச்சமும் ஒரு காரணமாகும்.

பண்டிகை நாளும் பருவமும்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. வீட்டைப் புதுப்பிக்கும் இரு பெரும் பண்டிகைகளும் இந்தப் பருவத்தை ஒட்டியே வருகின்றன. தீபாவளி, மழை தொடங்கும் ஐப்பசியை ஒட்டி வருகிறது. பொங்கலோ மழை ஓய்ந்து சில வாரங்களே ஆன நிலையில் வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், மார்கழியின் நடுப்பகுதியிலும் இக்கரைக்குப் புயல் வரக்கூடும் என்பதைக் காட்டியது.

போகிக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் உருவான காலத்தில் பூச்சு என்றால் சுண்ணாம்பே. மழையில் ஊறி இன்னும் முழுதாக உலராத சுவரைச் சுண்ணாம்பு ஏற்றுக்கொண்டது. மழைக்காலப் பாசியையும் தன் காரத்தால் அழித்தது. ஆண்டுதோறும் மலிவாக மறுபடி பூசவும் முடிந்தது. ஆகவே அந்தக் காலக்கணக்கு அந்தப் பொருளுக்கு மிகப் பொருத்தமாக இருந்தது. பின்னர் பொருள் மாறியது, நாள் மாறவில்லை. மார்கழிக் கடைசியில், உள்ளே நீர் நிறைந்த சுவரின்மேல் எமல்ஷன் இரண்டு கோட்டு அடித்து அடைத்துவிட்டால், மாசியும் பங்குனியும் சுவரைச் சூடாக்கும்போது உள்ளிருக்கும் நீர் உப்போடு வெளியேற முயன்று படலத்தைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. பொங்கலுக்கு அடித்த வண்ணம் சித்திரைக்குள் உரிகிறது என்ற குறை, பெரும்பாலும் பெயிண்டின்மீது சுமத்தப்பட்டாலும், உலராத சுவரில் பூசியதன் விளைவாகும்.

தை மாத ஆய்வு

மழை ஓய்ந்தவுடன் செய்யும் ஆய்வே ஆண்டின் முதன்மையான ஆய்வாகும். அப்போதுதான் நீர் எங்கே புகுந்தது என்பதைச் சுவர் தெளிவாகக் காட்டும். ஆய்வை மொட்டை மாடியில் தொடங்கிக் கீழே இறங்கி வருவது முறை. மாடியின் தண்ணீர் வெளியேறும் வாய்கள், கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, சன்ஷேடின் மேற்பரப்பு, சன்னல் சட்டத்தைச் சுற்றிய இடுக்கு, மழைநீர்க் குழாய் சுவரைத் தொடும் இடங்கள், இறுதியாகத் தரையை ஒட்டிய அடிச்சுவர் என்னும் வரிசையில் பார்த்தால், கீழே தெரியும் கறைக்கு மேலே உள்ள காரணம் தப்பாமல் பிடிபடும்.

இதற்குக் கருவி அதிகம் தேவையில்லை. உள்ளங்கையால் தடவி மாவாதலை அறியலாம். விரல் கணுவால் அல்லது கரண்டிப் பிடியால் தட்டினால், சுவரைவிட்டுப் பிரிந்த காரை பொள்ளலான ஒலி தரும். படலத்தில் கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்தால் வண்ணம் நாடாவோடு வருகிறதா என்பதிலிருந்து பிடிப்பின் வலிமை தெரியும். சுவரின் ஈரத்தை அறிய, ஏறத்தாழ 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரிக்க வேண்டும்; தாளின் உட்புறத்தில் நீர்த்துளி காணப்பட்டாலோ, அந்த இடம் சுற்றியுள்ள சுவரைவிடக் கருத்திருந்தாலோ, அச்சுவர் எமல்ஷனுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கொள்ளலாம். கருங்கறை பாசியா வெறும் அழுக்கா என்ற ஐயத்தை, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஒரு துளி விட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். சில நிமிடங்களில் நிறம் வெளுத்தால் அது உயிருள்ள பாசி அல்லது பூஞ்சணம்.

விரிசல்களைப் படிக்கும்போது அவற்றின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வலைபோல் படர்ந்த மயிரிழை விரிசல்கள் மேற்பரப்போடு நிற்பவை. சன்ஷேடின் அடிப்புறத்திலும் பால்கனியின் விளிம்பிலும் நேர்க்கோடாக ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை கசியும் விரிசலோ, உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்னும் எச்சரிக்கையாகும். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. இதைப் பட்டி பார்த்து மறைத்து வண்ணம் பூசுவது, விழவிருக்கும் பகுதியை மூடிவைப்பதாகும். கட்டடப் பொறியாளரிடம் காட்ட வேண்டிய இடம் இது. கடற்கரைச் சூழலில் கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம் 45 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என ஐ.எஸ். 456 கோருகிறது; இதற்கு மிகக் குறைந்த கனத்தோடு கட்டிய பழைய சன்ஷேடுகளே முதலில் பிளப்பவை. கண்ட பழுதுகளைச் சுவரிலேயே பென்சிலால் வட்டமிட்டு, தேதி எழுதி, படமும் எடுத்து வைத்தால், அடுத்த ஆண்டின் ஆய்வுக்கு அது அடிப்படையாக அமையும்.

மாசி, பங்குனியில் பழுதும் பூச்சும்

தையில் குறித்தவற்றை மாசி, பங்குனி மாதங்களில் சீர்செய்வது இக்கரைக்கு ஏற்றது. மழை அநேகமாக இல்லை. சுவர் உலர்ந்து வருகிறது. கத்திரி வெயிலும் வரவில்லை. ஆயத்த வேலையில் உப்பை நீக்குவதே நுட்பமானது. அதில் இரு வகை உப்புக்கும் இரு வேறு முறைகள் தேவை. காற்று கொண்டுவந்து மேலே படியவிட்ட உப்பை நல்ல தண்ணீரால் கழுவி அகற்ற வேண்டும். சுவருக்குள்ளிருந்து பஞ்சுபோல் பூத்து வந்த உப்பை அவ்வாறு கழுவக் கூடாது. தண்ணீர் பட்டதும் அது கரைந்து, வந்த வழியே திரும்பவும் சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷால் தேய்த்து, உதிர்வதைத் தாளில் சேர்த்து அப்புறப்படுத்தி, சில நாள் இடைவெளியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து, பூப்பது நின்ற பின்னரே பிரைமர் பூச வேண்டும். பூப்பது நிற்கவில்லையென்றால் நீர் வரும் வழி இன்னும் அடைபடவில்லை என்று பொருள்.

பாசி பற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, ஊறவிட்டு, தேய்த்துக் கழுவி, முழுதாக உலரவிட வேண்டும். அதோடு அமிலத்தைக் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படுமாதலால், கழிப்பறை கழுவும் அமிலத்தை அதன் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. உரிந்த வண்ணத்தைச் சுரண்டும்போது, கெட்டியாகப் பிடித்திருக்கும் பகுதி வரை சென்று, அதன் விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேய்ப்பது அவசியம். பழைய வீடுகளில் பல ஆண்டுச் சுண்ணாம்பு அடுக்கடுக்காக ஏறியிருக்கும். பொடியாகும் அந்த அடுக்கின்மேல் பூசிய எமல்ஷன், சுண்ணாம்பையும் சேர்த்துக்கொண்டு பாளமாக உரியும் என்பதால், அதை முழுதும் சுரண்டிய பிறகே வேலையைத் தொடர வேண்டும். வெளிச்சுவருக்கு வெள்ளை சிமெண்டால் ஆன பட்டியே தகும். உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டி மழையில் இளகிவிடும்.

பூசும் நேரமும் கவனத்துக்குரியது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழும், சுவரின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலும் இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவாகும். நடைமுறையில், விடியற்காலைப் பனி காய்ந்தபின் தொடங்கி, வெயில் நேரடியாக விழும் சுவரைத் தவிர்த்து நிழலைப் பின்தொடர்ந்து பூசி, மாலை ஈரம் இறங்குவதற்குள் முடிப்பதே இதன் பொருள். காலையில் மேற்குச் சுவரும் பிற்பகலில் கிழக்குச் சுவரும் என்ற ஒழுங்கு இதற்கு உதவும். கிழக்குச் சுவரில் முந்திய நாள் கடற்காற்று படியவிட்ட உப்பை முற்பகலில் கழுவி உலர்த்திக்கொள்வது நல்லது.

இரும்பும் மரமும்

கடற்கரை வீட்டில் முதலில் தோற்பவை சன்னல் கம்பிகளும் கிரில் கதவுகளும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு உடனே ரெட் ஆக்சைடு பூசுவது வழக்கம். ஆனால் துருவின் குழிகளில் தங்கிய உப்பு படலத்தின் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். தேய்த்தபின் நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, அன்றே பிரைமர் பூசுவதும், படலம் மெலிந்து நிற்கும் விளிம்புகளுக்கும் பற்றவைத்த மூட்டுகளுக்கும் முதலில் தனியாக ஒரு கோட்டு தருவதும் இதைப் பெருமளவு தவிர்க்கும்.

பழைய கதவு, சன்னல்களின் எனாமலைச் சுரண்டும்போது வேறொரு கவனமும் வேண்டும். வீட்டு வண்ணங்களில் காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய பூச்சில் காரீயம் இருக்கக்கூடும் என்று கொண்டு, உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டி, தூளைக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் சிதறவிடாமல் சேர்த்து அகற்ற வேண்டும். தேய்க்கும் வேலையாளுக்கு முகக்கவசம் தருவது வீட்டுக்காரரின் கடமையாகும்.

மழைக்கு முந்திய ஆய்வு

ஆவணி, புரட்டாசி மாதங்களில் செய்யும் இரண்டாவது ஆய்வு, நீர் புகும் வாய்களை அடைப்பதற்கானது. புதிதாக வண்ணம் பூசுவது இதன் நோக்கமாகாது. மாடியின் நீர்வாய்களில் தங்கிய இலையையும் மணலையும் அள்ளுவது, கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலும் சன்னல் ஓரங்களிலும் உள்ள விரிசலை நெகிழும் அடைப்பானால் நிரப்புவது, சன்ஷேடு விளிம்பின் அடியில் நீர் சொட்டி விழுவதற்கான பள்ளக்கோடு அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, சுவரோடு சேர்ந்து குவிந்த மண்ணை விலக்குவது ஆகியன இதில் அடங்கும். அந்தப் பள்ளக்கோடு, பல முறை பட்டியும் வண்ணமும் ஏறித் தூர்ந்துபோயிருக்கும். அதை மீண்டும் கீறி விட்டால், சன்ஷேடின் அடிப்புறமாக ஓடிச் சுவரை நனைத்த நீர் விளிம்பிலேயே சொட்டிவிடும். ஆடிக் காற்றின் புழுதியையும் கோடையின் உப்பையும் இப்போது ஒருமுறை கழுவிவிட்டால் மழைக்காலத்தில் பாசிக்கு உணவு குறையும்.

மாறுபட்ட கருத்துகள்

எந்தப் பூச்சு கடற்கரைக்கு ஏற்றது என்பதில் இரு தரப்புகள் உள்ளன. நீர் புகாத, ரப்பர்போல் நெகிழும் கனத்த பூச்சால் சுவர் முழுவதையும் மூடிவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. மெல்லிய விரிசல்களின்மேல் பாலம்போல் நின்று சாரலைத் தடுப்பதில் இவ்வகைப் பூச்சின் திறம் மறுக்க முடியாதது. ஆனால் நீர் அடித்தளத்திலிருந்தோ கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்தோ வரும் இடத்தில், வெளிப்புறத்தை மூடுவது ஈரத்தைச் சிறைப்படுத்தி, ஓதத்தை இன்னும் மேலே ஏறச் செய்கிறது. சுவர் மூச்சுவிட வேண்டும், எனவே சுண்ணாம்பே தக்கது என்பது மறுதரப்பு. புதுச்சேரியிலும் தரங்கம்பாடியிலும் சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய பழைய கட்டடங்களில் இக்கருத்து முழுதும் பொருந்தும்; அவற்றின்மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் ஏறினால் செங்கல்லே கரைகிறது. எனினும் சுண்ணாம்பு ஆண்டுக்கொருமுறை கவனிப்பைக் கேட்கும். சாரலைத் தாங்கும் வலிமையும் அதற்குக் குறைவு.

இரு தரப்பும் சுவர் முழுவதையும் ஒரே பொருளாகக் கொள்வதாலேயே முரண்படுகின்றன. நீர் தேங்கும் கிடைமட்டப் பரப்புகளான தளம், கைப்பிடிச் சுவரின் உச்சி, சன்ஷேடின் மேற்புறம் ஆகியவற்றுக்கு நீர்த்தடுப்புப் பூச்சும், சாரல் படும் மேல்சுவருக்கு ஆவியை ஓரளவு வெளிவிடும் தரமான வெளிப்புற எமல்ஷனும், ஓதம் ஏறும் அடிச்சுவருக்குச் சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்புப் பூச்சும் என்று பிரித்துக்கொண்டால் முரண் தீர்கிறது. அடிச்சுவரின் சுண்ணாம்புக் காரை உப்பைத் தான் வாங்கிக்கொண்டு சில ஆண்டுகளில் உதிரும். செங்கல்லைக் காப்பதற்காகக் காரை அழிவது ஏற்கத்தக்க இழப்பே.

முடிவுரை

கடற்கரை வீட்டின் பூச்சு நீடிப்பதற்கு விலையுயர்ந்த பெயிண்டைவிடப் பருவத்தை மதிக்கும் ஒழுங்கே பெரிதும் உதவும் என்பதை மேற்கண்டவை காட்டுகின்றன. தையில் பார்த்துக் குறிப்பது, மாசி பங்குனியில் உலர்ந்தபின் பூசுவது, ஆவணி புரட்டாசியில் வாய்களை அடைத்துக் கழுவுவது என்னும் இந்த ஒழுங்கில், ஒவ்வோர் ஆண்டும் வீடு முழுவதும் வண்ணம் பூச வேண்டிய தேவையில்லை. பழுதான இடத்தை மட்டும் முறையாகச் சீர்செய்தால் போதும். பொங்கலுக்கு வீடு வெளுப்பாக வேண்டும் என்ற விருப்பத்தையும் கைவிட வேண்டியதில்லை. திண்ணை, மதில், அடிச்சுவர் ஆகியவற்றுக்கு அந்நாளில் சுண்ணாம்பு அடித்துவிட்டு, எமல்ஷன் வேலையைப் பங்குனிக்குத் தள்ளிவைத்தால் மரபும் சுவரும் ஒன்றாகக் காக்கப்படும். வீட்டைக் கட்டுவதற்கு வாழ்நாள் சேமிப்பைச் செலவிடும் குடும்பங்கள், பூச்சு வேலைக்கு ஒப்பந்தம் பேசும்போது எத்தனை கோட்டு, என்ன விலை என்பவற்றுக்கு முன்னால், சுவர் உலர்ந்ததா என்று சோதித்த பின்னரே தொடங்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்வது, செலவில்லாமல் கிடைக்கும் மிகச் சிறந்த காப்பாகும்.